ரெண்டு களைப் பல்லவி: எதை எழுதி வைப்பது, எதை மேடைக்கு விடுவது?

#1 பாட்டு_மாணவி
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு ராகம் தானம் பல்லவி (ஆலாபனை, தானம், பிறகு ஒரே வரியை விரித்துப் பாடும் பல்லவி) தயார் செய்கிறேன். ராகம் கல்யாணி, தாளம் ரெண்டு களை ஆதி (ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் இரண்டு தட்டு), எடுப்பு, அதாவது வரி தொடங்கும் இடம், ஒன்றரை தள்ளி. பல்லவி வரி சொந்தமாக எழுத வேண்டும். இப்போதைக்கு இருக்கும் வரி: "அருளாதவனே ஆண்டருள்வாய்". மூன்று கேள்விகள்.
வரியைத் தாளத்தில் எப்படி உட்கார வைப்பது? திரிகாலத்தில் (வரியை மூன்று வேகத்தில் பாடும்போது) எடுப்பு தடுமாறுகிறது, அதற்கு என்ன வழி? கோர்வையை (ஸ்வரத்தை முடிக்கும் கணக்குக் கட்டை) வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்வது மனோதர்மத்துக்கு, அதாவது மேடையிலேயே கற்பனையாகப் பாடுவதற்கு, விரோதமா? கூடவே, வானொலி கிரேடு, பதிவு, சபா என்று தொழில் பக்கம் தெரிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 நாலுகளை
முதலில் வரியைப் பார்ப்போம். "அருள் ஆதவனே", அருளுக்குச் சூரியனே என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துப் பாடினால் காதில் விழுவது "அருளாத அவனே". நிரவலில், அதாவது இதே வரியை மாற்றி மாற்றி விரித்துப் பாடும்போது, இந்தச் சொல் இருபது தடவை வரும். சபையில் உட்கார்ந்திருப்பவருக்கு இருபது தடவையும் அது "அருளே செய்யாதவனே" என்றுதான் கேட்கும். பல்லவியில் பொருள் பிழைக்கு மன்னிப்பே இல்லை, ஏனென்றால் மொத்தம் நாலைந்து சொல்தான் இருக்கிறது. வரியை மாற்றுங்கள்.

எழுதும்போது பார்க்க வேண்டியவை இவை. அருதியில், அதாவது வரியின் நடுவில் நிற்கும் இடத்தில், விழும் எழுத்து நெடிலாக இருக்க வேண்டும், அங்கேதான் நீட்டி நிற்கப் போகிறீர்கள். குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். சொல்லின் நடுவில் மூச்சு வாங்கும்படி அமைக்கக் கூடாது. "தாமரை" என்பது "தா", "மரை" என்று உடைந்தால் பூ போய் மான் வந்துவிடும். மேல்காலத்தில் நாக்கு புரள வேண்டும் என்பதால் றகரமும் ழகரமும் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாம் மடங்கு வேகத்தில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும்.

உங்கள் எடுப்புக்கே ஒரு மாதிரி வரி போடுகிறேன்:

"கூடலிலே கோயில்கொண்டாய் – குவலயம் காப்பவளே உமையே"

ரெண்டு களை ஆதியில் ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) 8 மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு (எட்டு அட்சரச் சுற்றுக்கு) 64. எடுப்பு சமத்திலிருந்து (சுற்றின் தொடக்கத்திலிருந்து) 12 மாத்திரை தள்ளி. அருதி முதல் திருதத்தில் (தட்டும் வீச்சும் சேர்ந்த அங்கத்தில்), அதாவது 32-இல்.

பூர்வாங்கம் (அருதிக்கு முந்தைய பாதி): கூ 4, ட 2, லி 2, லே 4, கோ 4, யில் 2, கொண் 2. மொத்தம் 20. 12-இல் கிளம்பி 20 நடந்தால் 32. அங்கே "டாய்" விழுகிறது, அதற்கு 12 மாத்திரை கார்வை (நீட்டி நிற்பது). இப்போது 44.
உத்தராங்கம் (பிந்தைய பாதி): கு 2, வ 2, ல 2, யம் 2, காப் 4, ப 2, வ 2, ளே 4, உ 2, மை 2, யே 8. மொத்தம் 32. 44 கூட்டல் 32, 76. அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் 12. திரும்ப "கூடலிலே".

"டாய்" என்பதில் கார்வை முழுக்க "டா"வில் இருக்கட்டும். யகர ஒற்றைக் கடைசி நொடியில் மூடுங்கள். சீக்கிரம் மூடினால் இகரத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், குரலும் மூக்குக்குள் போய்விடும்.

#3 வலந்தலை
நல்ல அமைப்பு. மிருதங்கப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். "ரெண்டு களை, ஒன்றரை தள்ளி" என்று மட்டும் சொன்னால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்றரை அட்சரம் என்று எடுத்தால் 12 மாத்திரை, ஒன்றரை தட்டு என்று எடுத்தால் 6. அதனால் பக்கவாத்தியக்காரரிடம் வாயால் விளக்குவதை விட, உள்ளே உட்கார்ந்து தாளம் போட்டு வரியை இரண்டு முறை பாடிக் காட்டிவிடுங்கள். ஒரு நிமிடம் ஆகாது. மேடையில் முதல் ஆவர்த்தனத்திலேயே அருதிக் கார்வையை நிரப்பி வாசிக்க முடியும்.

#4 பாட்டு_மாணவி
நாலுகளை சார், வரியை விட்டுவிட்டேன். உங்கள் மாதிரியை வைத்தே கணக்கைப் பழகுகிறேன். திரிகாலத்தில் "கூ" எப்போதும் 12-இல்தானே ஆரம்பிக்க வேண்டும்? அப்படிப் பாடினால் இரண்டாம் காலத்தில் அருதி 22-இல் விழுகிறது, திருதத்தில் விழவில்லை.

#5 நாலுகளை
அங்கேதான் இரண்டு வழக்கம் இருக்கிறது. எடுப்பை நிலையாக வைத்தால் அருதி நகரும். அருதியை நிலையாக வைத்தால் எடுப்பு நகரும். நான் இரண்டாவதை விரும்புகிறவன். பல்லவிக்கு முதுகெலும்பு அருதி. கேட்பவரும் கைத்தாளத்தில் திருதம் விழும் இடத்தில் "டாய்" வருவதைத்தான் எதிர்பார்க்கிறார்.

அருதியை 32-இல் நிறுத்தினால் கணக்கு இப்படி:
இரண்டாம் காலம்: பூர்வாங்கம் 20 என்பது 10 ஆகிறது. 32-இலிருந்து 10 போனால் 22. மூன்றாவது அட்சரத்தில் முக்கால் பங்கு கழிந்து எடுப்பு.
மூன்றாம் காலம்: 5 ஆகிறது. 27-இல் எடுப்பு.
திஸ்ரம் (ஒன்றரை மடங்கு வேகம்): ஒவ்வொரு அட்சரத்தையும் 12 சிற்றளவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அருதி 48-ஆவது சிற்றளவு முடிந்ததும். பூர்வாங்கம் 20. எனவே எடுப்பு 28 கழிந்து, அதாவது இரண்டு அட்சரமும் மூன்றில் ஒரு பங்கும் தள்ளி.

ஒரு ஆவர்த்தனத்துக்கு இரண்டாம் காலத்தில் பல்லவி இரண்டு முறை வரும், மூன்றாம் காலத்தில் நாலு முறை. திஸ்ரத்தில் மூன்று முறை பாடினால் இரண்டு ஆவர்த்தனம்.

காலம் மாறும் இடத்தில்தான் பலர் சறுக்குவது. முதல் காலம் 12-இல் முடிகிறது, இரண்டாம் காலம் 22-இல் தொடங்க வேண்டும். அந்த 10 மாத்திரையை "யே" கார்வையிலேயே ஓட்டுங்கள். திரும்பி வரும்போது இன்னும் சுலபம்: கடைசியாகப் பூர்வாங்கத்தை இரண்டாம் காலத்தில் பாடி 32-ஐத் தொடுங்கள். "டாய்" விழுந்ததும் உத்தராங்கத்தை முதல் காலத்தில் எடுங்கள். அருதி எல்லாக் காலத்துக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் கதவு மாதிரி அங்கேயே உள்ளே வெளியே போகலாம்.

#6 எடுப்பு_சமம்
எனக்கு இதில் மாறுபாடு உண்டு. எடுப்பு நகர்ந்தால் அது ஒரே பல்லவியா? எடுப்பும் அருதியும் சேர்ந்ததுதான் பல்லவியின் அடையாளம். எடுப்பை 12-இல் வைத்து, அருதி எங்கே விழுகிறதோ விழட்டும் என்று பாடுவதும் சுத்தமான அனுலோமம்தான் (தாளம் மாறாமல் பாட்டின் வேகத்தை ஏற்றுவது). கணக்கும் சுலபம், கேட்பவருக்கும் தொடக்கம் தெரியும். இரண்டும் வழக்கில் இருக்கும்போது ஒன்றை மட்டும் சரி என்று மாணவிக்குச் சொல்லக் கூடாது.

#7 நாலுகளை
ஒப்புக்கொள்கிறேன், எந்தப் பாடாந்தரமோ (குரு வழிப் பாடமோ) அதன்படி. குருவிடம் கேட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரே கச்சேரியில் இரண்டாம் காலத்துக்கு ஒரு வழி, திஸ்ரத்துக்கு இன்னொரு வழி என்று கலக்காமல் இருக்க வேண்டும். கலந்தால் மிருதங்கக்காரர் எங்கே நிரப்புவது என்று தெரியாமல் கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று, காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம். இந்த வரியில் மிகச் சிறிய எழுத்து 2 மாத்திரை. மெட்ரோனோமில் ஒரு தட்டுக்கு 60 வைத்தால் நொடிக்கு 4 மாத்திரை. மூன்றாம் காலத்தில் நொடிக்கு 8 எழுத்து உச்சரிக்க வேண்டும், சொல் கரைந்துவிடும். 45 வைத்தால் நொடிக்கு 6. அதுதான் தெளிவாகப் பாடக்கூடிய எல்லை. அப்போது ஒரு ஆவர்த்தனம் 21 நொடிக்கு மேல் நீளும். அந்த நீளத்தைத் தாங்கும் பொறுமை நிரவலுக்கு வேண்டும். முதலில் மூன்றாம் காலத்தை வீட்டில் பாடிப் பார்த்து, அதிலிருந்து கீழே வந்து முதல் காலத்தின் வேகத்தை நிர்ணயிப்பதுதான் முறை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

#8 வலந்தலை
திஸ்ரத்தில் கை ஓடுவதும் ஒரு நோய். பாட்டு ஒன்றரை மடங்கு வேகமாக வரும்போது தாளக் கையும் கூடவே விரையும். மெட்ரோனோமைச் சமத்தில் மட்டும் ஒலிக்க வைத்துப் பழகுங்கள், நடுவில் எதுவும் ஒலிக்கக் கூடாது. இரண்டு ஆவர்த்தனம் கழித்துச் சமத்தில் ஒலியோடு சேர்ந்தால் சரி. தட்டுத் தட்டாக ஒலிக்க வைத்துப் பழகினால் கை அதைத் தொற்றிக்கொண்டே போகும், சொந்தமாக நிற்கக் கற்றுக்கொள்ளாது.

#9 பாட்டு_மாணவி
புரிந்தது. இப்போது கோர்வை. ஸ்வரம் பாடி முடித்து 12-இல் "கூ"வுக்கு வந்து சேர என்ன எழுதுவது? 9, 9, 9 என்று மூன்று முறை வைத்து நடுவில் கார்வை போட்டுப் பார்த்தேன், கணக்கு உட்காரவே இல்லை.

#10 எடுப்பு_சமம்
உட்காராது. ஒரே சொல்லை மூன்று முறை வைத்து, நடுவில் இரண்டு சமமான கார்வை என்றால் மொத்தம் சொல்லின் மூன்று மடங்கு கூட்டல் கார்வையின் இரண்டு மடங்கு. ரெண்டு மடங்கு எப்போதும் இரட்டைப்படை. நிரப்ப வேண்டிய இடம் இரட்டைப்படையாக இருந்தால் சொல்லும் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். 9 ஒற்றைப்படை, அதனால் அரை மாத்திரைக் கார்வை இல்லாமல் முடியாது.

ஒரு களை ஆதியில் (அட்சரத்துக்கு 4 மாத்திரை) பார்த்தால் எளிதாகப் புரியும். சமத்திலிருந்து சமம், 32: 10 சொல் 1 கார்வை, 8 சொல் 4 கார்வை, 6 சொல் 7 கார்வை. சமத்திலிருந்து அரை இடம், 34: 10க்கு 2, 8க்கு 5. சமத்திலிருந்து ஒன்றரை, 38: 12க்கு 1, 10க்கு 4, 8க்கு 7. கண்ட நடை ஆதி (அட்சரத்துக்கு 5), 40: 12க்கு 2, 10க்கு 5. இந்த நாலு வரியை நோட்டில் எழுதி வைத்தால் பாதிக் கச்சேரி ஓடிவிடும்.

#11 நாலுகளை
அந்த 38-ஐயே உங்கள் பல்லவிக்கு அழகாகப் பயன்படுத்தலாம். ஏறியும் இறங்கியும் வரும் கோர்வை ஒன்று:

7 கூட்டல் 2 கார்வை, 5 கூட்டல் 2, 3 கூட்டல் 2. இதுவரை 21.
பிறகு 5, கார்வை 1, 5, கார்வை 1, 5. இது 17.
மொத்தம் 38.

கல்யாணியில், எடுப்பு காந்தாரம் என்று வைத்துக்கொண்டு:

ஸ நி த ப ம க ரி , ,
த ப ம க ரி , ,
ம க ரி , ,
நி ரி க ம ப ,
க ம ப த நி ,
த ப ம க ரி – "கூ"

முதல் மூன்று சொல்லும் ரிஷபத்தில் முடிகின்றன, கடைசியும் ரிஷபம். அடுத்த ஸ்வரம் காந்தாரம், அதுதான் எடுப்பு. கோர்வையின் கடைசி ஸ்வரம் எடுப்பு ஸ்வரத்துக்கு அண்டை வீட்டில் இருக்க வேண்டும். தைவதத்தில் முடித்துக் காந்தாரத்துக்குக் குதித்தால் கணக்கு சரியாக இருந்தும் ஒட்டு தெரியும்.

எங்கே தொடங்குவது? இரண்டு இடம். சமத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டு மாத்திரையாக, கீழ்க்காலத்தில் பாடினால் 76. நேரே எடுப்பு. அல்லது 38-இல் தொடங்கி மாத்திரைக்கு ஒரு ஸ்வரமாகப் பாடினால் 38 கூட்டல் 38, அதே 76. 38 என்பது அருதிக்கு 6 மாத்திரை தள்ளி, திருதம் விழுந்த உடனே. ஒரே கோர்வையை ஒரு முறை கீழ்க்காலத்தில், மறுமுறை மேல்காலத்தில் பாடலாம். மூன்று முறை அடுக்க வேண்டுமென்றால் 114 மாத்திரை, சமத்திலிருந்து 26 தள்ளித் தொடங்க வேண்டும்.

#12 வில்_நாலுகம்பி
வயலின் பக்கம். கோர்வையை எனக்கு முன்கூட்டியே எழுதித் தர வேண்டாம். அடுக்கிப் பாடும்போது முதல் முறை கேட்டு, இரண்டாவதில் கூட வந்து, மூன்றாவதில் சேர்ந்து முடிக்கலாம். முன்கூட்டித் தெரிய வேண்டியது ராகமாலிகை ஸ்வரத்தில் என்ன ராகங்கள், குறைப்பு (பாட்டும் வயலினும் மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே போகும் ஸ்வரம்) எந்த ஸ்வரத்தில், கிரகபேதம் (வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக வைப்பது) உண்டா என்பவைதான்.

கிரகபேதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மோகனத்தில் காந்தாரத்தை ஸட்ஜமாக வைத்தால் ஹிந்தோளம், ரிஷபத்தை வைத்தால் மத்யமாவதி என்று பாடுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தம்புராவில் பழைய ஸட்ஜம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் கேட்பவரின் காது குழம்பும், பாடுபவரின் சுருதியும் தளரும். வயலினில் திறந்த தந்தி எதுவும் புதிய ஸட்ஜத்துக்கு உதவாது, எல்லாம் விரல்தான். சொல்லாமல் போனால் பதிலுக்கு வெறும் நிழலைத்தான் வாசிக்க முடியும்.

குறைப்புக்கு இந்தப் பல்லவி மிக வசதி. எடுப்பு 12, உத்தராங்கம் தொடங்குவது 44. இடைவெளி சரியாக 32, அரை ஆவர்த்தனம். அரை ஆவர்த்தனக் குறைப்பு வரும்போது பாடகி "கூடலிலே"க்கு முன் முடிக்கலாம், வயலின் "குவலயம்" எழும் இடத்தில் முடிக்கலாம். கால் ஆவர்த்தனத்துக்கு 12, 28, 44, 60. ஊன்ற காந்தாரமோ நிஷாதமோ வைத்துக்கொள்ளுங்கள். தோடி மாதிரி ராகமாக இருந்தால் காந்தாரம் ஆடிக்கொண்டே இருக்கும், வேகமான குறைப்பில் அதில் சுத்தமாக ஊன்றுவது கடினம். கல்யாணியில் அந்தத் தொல்லை இல்லை.

#13 கேள்விஞானம்
இவ்வளவு கணக்கும் நோட்டில் எழுதி வைத்து மேடையில் ஒப்பித்தால் அது மனோதர்மம் ஆகுமா? ரசிகனாகக் கேட்கிறேன். 7, 5, 3 வரப்போகிறது என்று முன் வரிசையில் விரல் விட்டு எண்ணுகிறார்கள். கோர்வை முடிந்ததும் கைதட்டல், அதற்கு முன் வந்த கல்யாணியை யாரும் கவனிப்பதில்லை.

#14 நாலுகளை
நியாயமான வருத்தம். ஆனால் நோட்டைக் குறை சொல்ல முடியாது, அளவைத்தான் சொல்ல வேண்டும். எட்டு நிமிட ஸ்வரத்தில் ஆறு நிமிடம் சர்வலகுவாக, ராகம் தெரிய, கணக்கே இல்லாமல் ஓட வேண்டும். இரண்டு மூன்று சிறு முத்தாய்ப்பு, கடைசியில் ஒரே ஒரு கோர்வை. அந்த ஒன்றை எழுதி, ஸ்வரம் பொருத்தி, நூறு முறை பாடி வைப்பதில் தவறில்லை. வீட்டில் எழுதாமல் மேடையில் கணக்குப் போட ஆரம்பித்தால் அந்த ஒரு நிமிடம் மனம் எண்களில் இருக்கும், ராகத்தில் இருக்காது. கேட்டால் தெரியும், ஸ்வரம் வறண்டு போகும்.

எழுதக் கூடாதது ஆலாபனையும் நிரவலும். அங்கே தயாரிப்பு வேறு விதம். ஸஞ்சார வழி மட்டும் முடிவு செய்யலாம்: மந்தர நிஷாதத்தில் தொடங்கி, காந்தாரத்தில் நின்று, பஞ்சமத்தைத் தவிர்த்துத் தைவதம் போய், தார ஸட்ஜம், தார காந்தாரம், இறக்கம். எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நிற்பது, எந்தப் பிருகா (வேகமான ஸ்வரக் கொத்து) என்பதெல்லாம் அன்றைய குரல் சொல்லும். நிரவலில் ஒரே நிபந்தனை, எழுத்துகள் அவற்றின் தாள இடத்தை விட்டு நகரக் கூடாது. "கோயில்" 24-இல் பிறந்தால் கடைசி வரை 24-இல்தான். சங்கதி மாறலாம், இடம் மாறாது. அருதிக்கு நேரமாகிவிட்டதே என்று "கோயில்கொண்" என்பதை நெரித்துப் பாடுவது நிரவலின் மிகப் பொதுவான பிழை. "லே"யில் அளவுக்கு மீறி நின்றதால் வருவது அது.

#15 எடுப்பு_சமம்
தானத்தையும் மறக்க வேண்டாம். "அனந்தம்", "தானம்த" எழுத்துகளை வைத்துத் தாளமில்லாமல் பாடினாலும் உள்ளுக்குள் நடை இருக்க வேண்டும். நான்கு நான்காகவே ஓட்டினால் அலுக்கும். மூன்றும் ஐந்தும் கலந்து, ஒவ்வொரு சுற்றையும் ஒரு ஸ்வரத்தில் முடித்துக் கட்டினால் கல்யாணியில் ஆறு நிமிடம் போவதே தெரியாது.

#16 பாட்டு_மாணவி
இரண்டு மணி நேரத்தில் பல்லவிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

#17 நாலுகளை
ராகம் 12 நிமிடம், வயலின் 5, தானம் 6, அதற்கு வயலின் 3, நிரவல் 6, திரிகாலம் 3, ஸ்வரம் 8, தனி (மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம்) 10. கூட்டினால் 53. மீதி 67 நிமிடத்தில் வர்ணம், மூன்று நான்கு கிருதிகள், கடைசியில் துக்கடா (சிறு பாடல்கள்), மங்களம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்திலிருந்து பழகிவந்த பத்ததி இந்த அளவுக்குள் வசதியாக அடங்கும். பல்லவிக்கு முன்னால் பெரிய கிருதி ஒன்றை விஸ்தாரமாக எடுத்தால் நேரம் உடைவது பல்லவியில்தான், அதுவும் தனியில்தான். மிருதங்கக்காரருக்கு நாலு நிமிடம் கொடுத்து முடிக்கச் சொல்வது பெரிய அநியாயம். ஒன்றரை மணி நேர இடமாக இருந்தால் ரெண்டு களை வேண்டாம், ஒரு களை ஆதியோ கண்ட சாபுவோ எடுங்கள்.

#18 வலந்தலை
நன்றி சார். தனி பற்றி இரண்டு வேண்டுகோள். தனியின் கடைசிக் கோர்வையும் பல்லவி எடுப்புக்குத்தான் வந்து முடியும். பாடகி அந்த இடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மோரா (தனியை முடிக்க வரும் சொற்கட்டு) தொடங்கியதும் மூச்சைத் தயார் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, ரெண்டு களைத் தாளத்தைக் கடைசி வரை தெரியும்படி போடுங்கள். தனி சூடு பிடித்ததும் கை சுருங்கி, தொடை மேல் விரல் மட்டும் அசைவது நிறைய நடக்கிறது. கடமோ கஞ்சிராவோ கூட இருந்தால் எல்லோரும் உங்கள் கையைத்தான் பார்க்கிறோம்.

ஐந்து கட்டைச் சுருதிக்கு வேறு மிருதங்கம், ஆண் குரலின் ஒரு கட்டை, இரண்டு கட்டைக்கு நீளமான வேறு மிருதங்கம். எனவே சுருதியை முதலிலேயே சொல்லுங்கள். அன்று தொண்டை சரியில்லை என்று அரைக் கட்டை இறக்குவதானால் காலையிலேயே தெரிய வேண்டும். தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும், ஏசி ஹாலின் வறட்சியில் ஏறும். அதனால் வாத்தியத்தை அரை மணி முன்னதாகவே மேடைக்குக் கொண்டுவந்து அந்தக் காற்றுக்குப் பழக்குகிறோம். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப் பக்கத்தில்) போட்ட ரவையும் ஏசியில் சீக்கிரம் காயும். தனிக்கு முன் ஈரம் தொட்டுச் சரி செய்ய எங்களுக்கு ஒரு நிமிடம் வேண்டும். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் முன் தம்புராவை ஒரு முறை சரிபார்ப்பது போல் செய்தால் எல்லோருக்கும் அந்த நிமிடம் கிடைத்துவிடும்.

#19 ஒலிமேடை
மேடை ஒலியில் ஒன்றே ஒன்று. ஒலிச் சோதனையில் எல்லோரும் மத்திய ஸ்தாயியில் "ஸ ரி க ம" பாடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தார காந்தாரத்தில் உரக்க ஒரு பிடி பாடிக் காட்டுங்கள். அதை வைத்து அளவு நிர்ணயித்தால்தான் நிரவலில் மைக் கிழியாது. மைக்கை ஒரு ஜாண் தூரத்தில் வைத்து அசையாமல் இருங்கள். மானிட்டரில் உங்கள் குரலை விடத் தம்புரா தெளிவாகக் கேட்க வேண்டும். குரலையே ஏற்றச் சொல்லிக் கேட்டால் மிருதங்கக்காரரும் ஏற்றச் சொல்வார், பத்து நிமிடத்தில் மேடை முழுக்க இரைச்சல்.

#20 வில்_நாலுகம்பி
தொழில் பக்கம் கேட்டிருந்தீர்கள். அகில இந்திய வானொலியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிகள். அங்கே அடிப்படைதான் முதலில் தெரியும்: சுருதி, பாடாந்தர சுத்தம், விதவிதமான தாளத்தில் பாட்டுகள். பல்லவித் திறமையை நம்பி, கிருதிகளின் பட்டியலை மெலிதாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். சபாவுக்கு அனுப்பும் பதிவு வேறு. அதைக் கேட்பவருக்கு நேரம் குறைவு. முழுப் பல்லவி அனுப்பாமல் ஒரு கிருதியில் மூன்று நிமிட ஆலாபனை, நிரவல், ஸ்வரம் உள்ள பகுதியை எடிட் செய்யாமல் அனுப்புங்கள். சுருதி சரிசெய்யும் மென்பொருள் போட்ட பதிவு கமகத்தில் காட்டிக் கொடுத்துவிடும், கல்யாணி நிஷாதம் படிக்கட்டு மாதிரி கேட்கும்.

பக்கவாத்தியக்காரரின் சன்மானத்தை, சபா எவ்வளவு தருகிறது என்று தெரிந்த பிறகு பேசலாம் என்று விடாதீர்கள். அழைக்கும்போதே தொகையைச் சொல்லுங்கள். பதிவை இணையத்தில் போடப் போகிறீர்கள் என்றால் அதையும் அப்போதே. இளம் கலைஞர்கள் பெரும்பாலோருக்கு மாத வருமானம் வகுப்பெடுப்பதில்தான் வருகிறது. அதனால் கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாள் வகுப்பு வைக்காமல் குரலைக் காப்பாற்றுங்கள்.

#21 கேள்விஞானம்
யூடியூபில் போட்டால் உரிமைக் கோரிக்கை வருகிறதே, தியாகராஜர் கிருதிக்கெல்லாம் கூட?

#22 எடுப்பு_சமம்
இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி இயற்றியவர் மறைந்த பின் 60 ஆண்டு வரை உரிமை. மறைந்த ஆண்டுகள்: சியாமா சாஸ்திரி 1827, தீட்சிதர் 1835, தியாகராஜர் 1847. எந்தத் தடையும் இல்லை. யாரோ பாடிய பதிவுக்கு உரிமை உள்ள நிறுவனத்தின் பதிவோடு இயந்திரம் பொருத்திப் பார்த்து எழுப்பும் கோரிக்கை அது. பழம் பாடல், சொந்தக் குரல், சொந்தப் பதிவு என்று மறுப்பு பதிவு செய்யலாம். ஆனால் பாபநாசம் சிவன் பாடல்களை அதே கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் மறைந்தது 1973. 2033 முடியும் வரை உரிமை உண்டு. துக்கடாவில் அவர் பாடல் இல்லாத கச்சேரி குறைவு, எனவே பதிவாக வெளியிடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்களே எழுதிய பல்லவி வரியும் சாகித்தியம்தான். வெளியிடும்போது தேதியோடு உங்கள் பெயரைப் போடுங்கள்.

#23 பாட்டு_மாணவி
எல்லோருக்கும் நன்றி. மாற்றி எழுதிய வரி: "மாமயிலே ஏறிவந்தாய் – மனமதில் வாழ்பவனே குகனே". மா 4, ம 2, யி 2, லே 4, ஏ 4, றி 2, வந் 2, அருதியில் "தாய்". சரியா?

#24 நாலுகளை
கணக்கு சரி, 20. இரண்டு திருத்தம். "லே ஏ" என்று இரண்டு ஏகாரம் அடுத்தடுத்து வருவதால் முதல் காலத்திலேயே ஒன்றாகக் குழைந்து "மாமயிலேறி" ஆகிவிடும், "ஏ" காணாமல் போகும். "மாமயில்மேல்" என்று மாற்றுங்கள்: மா 4, ம 2, யில் 2, மேல் 4. லகர ஒற்று இடையில் நின்று பிரித்துக் கொடுக்கும். இன்னொன்று, அருதியில் "தாய்" தனியாக நீளும்போது அம்மா என்ற பொருள் வருகிறது, முருகனைப் பாடும் வரியில். "ஏறிவரு" என்று வைத்து அருதியில் "வாய்" போடுங்கள்: ஏ 4, றி 2, வ 1, ரு 1. ஆனால் இரண்டு மாத்திரையில் இரண்டு குறில் நெருங்கும், மூன்றாம் காலத்தில் சிக்கும். அதனால் "ஏறிநீ வா" நன்றாக இருக்கும்: ஏ 4, றி 2, நீ 2, அருதியில் "வா". உத்தராங்கத்தில் "வாழ்பவனே" ழகரத்தை மூன்றாம் காலத்தில் பத்து முறை பாடிப் பதிவு செய்து கேளுங்கள். பத்தில் எட்டு முறை ழகரமாகவே கேட்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் "வளர்பவனே".

#25 பாட்டு_மாணவி
"மாமயில்மேல் ஏறிநீ வா – மனமதில் வளர்பவனே குகனே". 45-இல் வைத்துப் பாடிப் பார்த்தேன், ழகரம் ஆறு முறைதான் நின்றது, அதனால் "வளர்பவனே". "வாழ்" 4 மாத்திரை இருந்த இடத்தில் இப்போது "வ 2, ளர் 2". உட்கார்ந்துவிட்டது.

#26 வலந்தலை
இது நன்றாக இருக்கிறது. "வா"வில் 12 மாத்திரைக் கார்வையில் முதல் நாலை விட்டுவிட்டு மீதி எட்டில் வாசிக்கிறோம், குரல் தெரியட்டும்.